பொசிட்டானோவில் அறை: கடலைப் பார்க்கும் முன் படிகளைப் பாருங்கள்

கேள்வி: ஜூன் கடைசி வாரத்தில் நான், கணவர், 9 வயது மகன், 68 வயது அம்மா என நான்கு பேர் இத்தாலி செல்கிறோம். ரோமில் நான்கு நாட்கள், பிறகு அமால்ஃபி கடற்கரையில் மூன்று இரவுகள். பொசிட்டானோவில் ‘கடல் பார்த்த அறை, லிஃப்ட் வசதி உண்டு’ என்று ஒரு விடுதியைக் காட்டி, டிராவல் ஏஜென்ட் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். மீதியை இந்த வாரமே கட்ட வேண்டுமாம். ரத்து செய்தால் பணம் திரும்பாதாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். சொரெண்டோ, அமால்ஃபி என்று ஆளுக்கு ஓர் ஊர் சொல்கிறார்கள். எங்கே தங்குவது? — வாசகி, கோவை

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். அந்தக் கடற்கரையின் கிழக்குப் பக்கம் இருக்கும் துறைமுக நகரமான சலெர்னோவில் தங்குங்கள். பொசிட்டானோவைப் படகில் போய்ப் பாருங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பொசிட்டானோ மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தொங்கும் ஊர். வண்டி போகும் பாதை ஊருக்குள் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வளைந்து வளைந்து ஒருவழியாக இறங்கி ஏறுகிறது. அந்தப் பாதைக்கும் வீடுகளுக்கும் இடையே இருப்பதெல்லாம் படிகள். பஸ்ஸில் வந்தால் ஊரின் மேல்பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். படகில் வந்தால் அடியில், கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். உங்கள் விடுதி இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும். இறங்க வேண்டும், அல்லது ஏற வேண்டும். பெட்டிகளைத் தூக்கிவரக் கூலியாட்கள் கிடைப்பார்கள், பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. அம்மாவைத் தூக்கிவர யாரும் கிடைக்க மாட்டார்கள்.

லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும், அதில் ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. அந்த லிஃப்ட் விடுதியின் வரவேற்பறையிலிருந்து மாடிக்குப் போகிறது. சாலையிலிருந்து வரவேற்பறைவரை என்ன இருக்கிறது என்பதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து, உயரம் சீராக இல்லாத கல்படிகள், பல இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. மேலே காகிதப்பூ பூத்துக் குலுங்கும்; புகைப்படத்தில் அது மட்டும்தான் தெரியும். ஆகவே விடுதிக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கார் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் கட்டில்வரை மொத்தம் எத்தனை படிகள்?’ ‘சில படிகள்தான்’ என்று பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். எண் வரும்வரை கேளுங்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு நூறு படிகள்கூடச் ‘சில’தான்.

முகவரியையும் நம்பிவிட முடியாது. நொச்செல்லே என்று ஒரு குக்கிராமம் பொசிட்டானோவுக்கு மேலே, மலையில் இருக்கிறது. நிர்வாகப்படி அதுவும் பொசிட்டானோதான், எனவே விளம்பரத்தில் பொசிட்டானோ என்று போடலாம், சட்டப்படி தவறில்லை. அங்கிருந்து கீழே கடற்கரைச் சாலைக்கு இறங்கும் வழியில் 1,700 படிகள். கடல் நன்றாகத் தெரியும், மறுக்கவில்லை. அஜெரோலா கதை இன்னொரு விதம். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலையூர் அது. ‘அமால்ஃபி கடற்கரைத் தங்கல்’ என்ற பெயரில் தொகுப்புச் சுற்றுலாக்காரர்கள் தாராளமாக விற்கிறார்கள். தினமும் காலையில் கொண்டையூசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கா நீங்கள் அவ்வளவு தூரம் பறந்து போகிறீர்கள்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். இத்தாலியில் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடு, அறை, விடுதி எல்லாவற்றுக்கும் ‘சின்’ (CIN) எனப்படும் தேசிய அடையாள எண் கட்டாயம். 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. விளம்பரத்திலும் வாசல் சுவரிலும் அது இருக்க வேண்டும். எண் ‘IT’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் மாவட்டத்தைக் குறிக்கும். 065 என்றால் சலெர்னோ மாவட்டம். பொசிட்டானோ, அமால்ஃபி, ரவெல்லோ, மயோரி எல்லாம் அதில்தான் வருகின்றன. 063 என்றால் நேப்பிள்ஸ். சொரெண்டோவும் அஜெரோலாவும் அதில் அடக்கம். ‘அமால்ஃபி’ என்று விற்கப்படும் அறைக்கு 063 இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. எண்ணே இல்லை என்றால் ஏஜென்ட்டின் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நொச்செல்லே மட்டும் இந்த வலையில் சிக்காது. அதற்கு வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, ஏன் சலெர்னோ என்பதைச் சொல்கிறேன். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில், மாறாமல், சலெர்னோவில் இறங்கலாம். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை ஐந்து நிமிட நடை, சமதளம். ‘பியாட்சா தெல்லா கொன்கோர்தியா’ என்பது அந்தத் துறையின் பெயர். அங்கிருந்து அமால்ஃபிக்குப் படகில் சுமார் 35 நிமிடங்கள், பொசிட்டானோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒருநாள் பொசிட்டானோ: கடலிலிருந்து நெருங்கும்போதுதான் அந்த ஊர் அதன் அழகோடு தெரியும், உள்ளே அறை எடுத்தவர்களுக்கு அது வாய்ப்பதில்லை. இறங்கியதும் கடற்கரை ஓரமாகவே உணவகங்கள். அம்மா அங்கே உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடிக்கட்டும், நீங்கள் ஏறி இறங்கி வாருங்கள். இன்னொரு நாள் அமால்ஃபி. அங்கிருந்து பஸ்ஸில் ரவெல்லோ. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ரவெல்லோவின் சதுக்கம் கிட்டத்தில்தான், நடுவில் ஒரு சிறிய சுரங்கப்பாதை, அம்மாவால் முடியும். அங்கே வில்லா ரூஃபோலோ தோட்டத்தைத் தவற விடாதீர்கள்; இசையமைப்பாளர் வாக்னர் 1880இல் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். மாலையோடு கடைசிப் படகு கிளம்பிவிடும், நேரத்தை முன்தினமே பார்த்துக்கொள்ளுங்கள்.

சலெர்னோவில் அறை தேடும்போது ரயில் நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் இடையே தேடுங்கள். ‘கோர்சோ வித்தோரியோ எமானுவேலே’ என்ற நடைபாதைத் தெருவும் கடலோரச் சாலையும் உள்ள பகுதி அது. ‘சலெர்னோ விமான நிலையம் அருகில்’ என்று சொன்னால் வேண்டாம். 2024இல் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்ட அந்த நிலையம் ஊருக்கு வெளியே பொன்தெகஞானோ பக்கம் இருக்கிறது. உங்கள் மகனுக்குக் கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் மட்டும் மயோரியைப் பாருங்கள். அந்தக் கரையிலேயே நீளமான கடற்கரை அங்கேதான், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தரையும் சமம், படகும் நிற்கும்.

சொரெண்டோ கெட்ட ஊர் இல்லை. காப்ரி தீவும் பொம்பெய்யும் உங்கள் பட்டியலில் முதலில் இருந்தால் அங்கே போங்கள் என்பேன். நீங்கள் கேட்டிருப்பது அமால்ஃபி கடற்கரை, சொரெண்டோ அதன் வெளியே, நேப்பிள்ஸ் வளைகுடாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நேப்பிள்ஸில் இறங்கி, பெட்டிகளோடு கீழ்த்தளத்துக்குப் போய், சர்க்கும்வெசுவியானா என்ற புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் போக வேண்டும். பர்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொசிட்டானோவுக்குப் போகும் பஸ்ஸோ கோடையில் பிதுங்கி வழியும். நிறைந்துவிட்டால் நடுவில் உள்ள நிறுத்தங்களில் நிற்காமலே போய்விடும். டிக்கெட்டை முன்னதாகவே ‘தபாக்கி’ எனப்படும் புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் அந்தக் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு நாட்டுக்கே பதில் தெரியாது போலிருக்கிறது.

உங்கள் கணவர் கார் எடுக்கலாம் என்பார். வேண்டாம். கோடை வார இறுதிகளிலும் ஆகஸ்ட் முழுவதும் அந்தச் சாலையில் வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஒற்றை, இரட்டை என்று நாள் பிரித்துத்தான் விடுகிறார்கள். ஊர்களுக்குள் கேமரா வைத்த தடைப்பகுதிகள் வேறு. அபராத ஓலை நீங்கள் கோவை திரும்பிச் சில மாதம் கழித்து வந்து சேரும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சலெர்னோ என்று நான் சொன்னது படகு ஓடும் மாதங்களுக்கு மட்டும்தான். ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கம்வரை. அதற்குப் பிறகு படகு கிடையாது. ஜூனில் போகிற உங்களுக்கு இது எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு டிசம்பரில் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சலெர்னோவில் குளிர்காலத்தில் விளக்கு அலங்காரத் திருவிழா நடக்கிறது, பார்க்க வேண்டிய ஒன்றுதான். அதைக் காட்டி, ‘பொசிட்டானோ, அமால்ஃபி ஒருநாள் உலாவுடன்’ என்று சேர்த்து விற்கிறார்கள். டிசம்பரில் சலெர்னோவிலிருந்து பொசிட்டானோவுக்கு அமால்ஃபியில் பஸ் மாறித்தான் போக வேண்டும். போனாலும் பாதி உணவகங்களும் விடுதிகளும் கதவடைத்திருக்கும், ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் சொரெண்டோவில் தங்கட்டும், அங்கே ஊர் உயிரோடு இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்திலும் அக்டோபர் கடைசியிலும் போகிறவர்கள் படகு அட்டவணையைப் பார்த்த பிறகே அறை எடுக்கட்டும். ஜூனிலும் கடல் கொந்தளிக்கும் நாளில் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குச் சலெர்னோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் பெஸ்தும் போய்க் கிரேக்கர் கட்டிய கோயில்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். விசா வேண்டுமானால் தங்குமிடச் சான்று காட்டு என்கிறது தூதரகம். சான்று வேண்டுமானால் பணத்தைக் கட்டு என்கிறார் ஏஜென்ட். விசா கிடைக்காவிட்டால் கட்டியது போனதுதான். இந்த வட்டத்தை உடைக்க எவருக்கும் மனமில்லை, ஏனென்றால் நட்டம் விண்ணப்பதாரருக்கு மட்டும்தான். நீங்களாக வெளியே வரலாம்: குறிப்பிட்ட தேதிவரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை உங்கள் பெயரில், நான்கு பேரின் பெயரும் வரும்படி, நீங்களே பதிவு செய்து அந்தச் சான்றைக் கொடுங்கள். அது போதும். சில நூறு ரூபாய்க்கு ‘டம்மி புக்கிங்’ போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். விண்ணப்பம் போன மறுநாளே அவர் அதை ரத்து செய்துவிடுவார். தூதரகம் விடுதிக்கு ஒரு வரி எழுதிக் கேட்டால் நிராகரிப்பு முத்திரை உங்கள் கோப்பில் விழும், அவருடையதில் விழாது. விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாகக் கேட்பார்கள். அது மோசடி இல்லை, சில்லறையாக யூரோ வைத்திருங்கள்.

கொடுத்த 20,000க்கு இன்றே ஏஜென்ட்டிடம் விடுதியில் உங்கள் அறைக்கான முன்பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். வந்ததும் அந்த எண்ணோடு விடுதிக்கே எழுதி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இன்னும் பதிவே செய்திருக்க மாட்டார், உங்கள் மீதிப் பணம் வந்த பிறகுதான் செய்வார். அப்படியானால் ரத்துக் கட்டணம் என்று ஒன்று எழவே வழியில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். மழுப்பினால் ரசீது, வாட்ஸாப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். உண்மையிலேயே பதிவு செய்திருந்து, பணம் திரும்பாது என்றால் 20,000 ரூபாயோடு விட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்றப் போய் மீதியையும் கட்டிவிட்டு, மூன்று நாளும் அம்மாவை அறையிலேயே உட்கார வைத்துவிட்டு வராதீர்கள்.