தைராய்டு கட்டி: மென்பொருள் ‘ஆபத்து குறைவு’ என்றால் ஊசிப் பரிசோதனை வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 42. தைராய்டின் வலப்பக்கத்தில் 1.8 செ.மீ. கட்டி, அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் டைராட்ஸ் 4 (ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்துப் புற்றுநோய் ஐயத்தைக் குறிக்கும் பிரிவு). மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனையில் பெதஸ்டா 3 (செல்களை வைத்துப் புற்றா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத பிரிவு) என வந்ததால், மறுபடியும் ஊசி போட வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் ஸ்கேன் மையத்திலுள்ள செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ‘ஆபத்து குறைவு’ என்கிறது. அதை நம்பி விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், அதற்காக அஞ்சவும் வேண்டாம். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் முறைப்படி, நான்காம் பிரிவுக் கட்டி 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதால், உங்களுக்கு முதலில் ஊசி போட்டது சரியே.

கட்டியின் விளிம்பு, வடிவம், சுண்ணாம்புப் புள்ளிகள் போன்றவற்றை மதிப்பிடுவதில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடு வருவதுண்டு. ஒரே படத்துக்கு எப்போதும் ஒரே விடையைத் தருவதுதான் மென்பொருளின் பலம். சீனாவில் உருவான ‘தைநெட்’ என்ற மென்பொருளைக் குறித்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், அதன் துணையுடன் முடிவெடுத்தால் ஊசிப் பரிசோதனைக்குப் போகும் கட்டிகளின் பங்கு 61.9 சதவீதத்திலிருந்து 35.2 சதவீதமாகக் குறையும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். தேவையற்ற ஊசிகளைத் தவிர்ப்பது உண்மையிலேயே பெரிய நன்மை.

ஆனால் உங்கள் நிலை வேறு. ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கட்டத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். செல்களிலேயே ஐயம் எழுந்திருக்கிறது. பெதஸ்டா 3-இல் புற்றுநோய்க்கான சராசரி வாய்ப்பு சுமார் 22 சதவீதம் என்று அம்முறையின் 2023 பதிப்பு கூறுகிறது. பாப்பிலரி வகைப் புற்றுநோய் ஸ்கேனில் தனக்கேயுரிய அடையாளங்களைப் பெரும்பாலும் காட்டிவிடும் என்பதால், அத்தகைய படங்களையே மிகுதியாகக் கண்டு பழகிய மென்பொருள் அதை நன்றாக இனங்காணும். ஃபாலிகுலர் வகை அப்படியல்ல: சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் உள்ள வேறுபாடு, செல்கள் கட்டியின் உறையையோ இரத்தக்குழாயையோ ஊடுருவியிருக்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது. அதை அறுவைசிகிச்சையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதிசெய்ய முடியும். கட்டியின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபியும் இதற்கு விடை தராது.

ஆகவே மென்பொருளின் விடையை மருத்துவரிடம் காட்டுங்கள், அது வீணல்ல. மறு ஊசியில் பெதஸ்டா 2 (புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி) வந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன; குறித்த கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் பெரும்பாலும் போதும். மீண்டும் 3 வந்தால் மரபணுப் பரிசோதனை, கண்காணிப்பு, தைராய்டின் ஒரு பாதியை மட்டும் அகற்றுதல் ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பேச வேண்டியிருக்கும். ஊசியை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, கட்டியின் திடமான பகுதியிலிருந்து எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை எடுத்த ஸ்லைடுகளையும் தைராய்டில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டுங்கள்.