ஒன்றரை மீட்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). அதில் சிட்டுக்குருவி மிகச் சின்னதாகத் தெரிகிறதே என்று லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் 2 மடங்கு டெலிகன்வர்ட்டர் வாங்கினேன். அதன்பின் ஒரு படம்கூடக் கூர்மையாக வரவில்லை. இணைத்திருக்கும் படம் 5 மீட்டர் தூரத்தில் எடுத்தது: 1/200 நொடி, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 1600. லென்ஸில் பழுதா? 1.4 மடங்குக்கு மாறிவிடவா? ரா கோப்பாக, அதாவது காமிரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் சரியாகுமா? செடியில் இருக்கும் ஒரு கூட்டை மறைத்த கிளைகளைக்கூட வெட்டிப் பார்த்துவிட்டேன். அப்படியும் படம் தெளியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும். அந்தக் கிளைகள் உங்கள் காமிராவுக்கு மட்டுமா கூட்டை மறைத்தன? காகத்துக்கும் பூனைக்கும் உச்சிவெயிலுக்கும் சேர்த்தே மறைத்தன. இறகு முளைக்காத குஞ்சு நேர்வெயிலைத் தாங்காது. நீங்கள் செய்தது தவறு. தாய்ப்பறவை இரைதேடப் போகும் நேரம் பார்த்து, வெட்டிய கிளைகளையே கூட்டின்மேல் நிழல் விழும்படி கட்டிவிட்டு விலகிவிடுங்கள். குஞ்சுகள் பறந்துபோகும்வரை அந்தப் பக்கம் காமிராவோடு போகாதீர்கள்.

லென்ஸில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்கிறது, அதாவது கால் பங்குதான் மிஞ்சும். எஃப் 4 எஃப் 8 ஆனது அப்படித்தான். அதை ஈடுகட்ட ஷட்டரை 1/200க்கு இறக்கியிருக்கிறீர்கள். குருவி உட்கார்ந்திருக்கும்போதும் அதன் தலை அசைந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த 1/1000 வேண்டும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும், குருவியை அசையாமல் நிறுத்தாது. சந்தேகம் தீரவில்லை என்றால் முக்காலியில் வைத்து, அதிர்வுத் தடுப்பை அணைத்து, 5 மீட்டரில் ஒட்டிய அச்சுத்தாளை லைவ் வியூவில் (காமிராவின் பின்திரையில்) பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, 2 நொடி டைமரில் எடுங்கள். அதே தாளைக் கன்வர்ட்டர் இல்லாமலும் எடுங்கள். இரண்டும் கூர்மையாக வந்தால் லென்ஸையும் கன்வர்ட்டரையும் குறைசொல்ல முடியாது. அப்போது ஆட்டோஃபோகஸைச் சந்தேகப்படலாம்: பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பலவற்றில் அது எஃப் 8இல் தடுமாறும், சிலவற்றில் நடு ஃபோகஸ் புள்ளி மட்டுமே வேலை செய்யும்.

ரா கோப்பு அசைந்த படத்தை அசையாததாக்காது. அதை விடுங்கள்.

என் கவலை அந்த 5 மீட்டர். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 15 செ.மீ. நீளக் குருவி 5 மீட்டரில், உங்கள் 300இல், சென்சார்மேல் ஏறக்குறைய 10 மி.மீ. நீளத்துக்கு விழும். 1.4 மடங்கு போட்டால் 13, 14 மி.மீ. வரும். கன்வர்ட்டரே இல்லாமல் 3.5 மீட்டருக்கு வந்தாலும் அதே 14 மி.மீ.தான். 2.5 மீட்டருக்கு வந்தால் 2 மடங்கு கன்வர்ட்டரின் வேலை முடிந்துவிடும், எஃப் 4 அப்படியே கையில் இருக்கும். ஒன்றரை மீட்டர் நகர்ந்தால் கிடைப்பதற்குக் கன்வர்ட்டர் வாங்குவானேன்? 1.4 மடங்குக்கு மாறலாமா என்கிறீர்கள். மாறலாம், ஆனால் முதலில் நாற்காலியை மாற்றுங்கள்.

எழுந்து குருவியை நோக்கி நடக்கச் சொல்லவில்லை, நடந்தால் பறந்துவிடும். 2, 3 செ.மீ. ஆழத்துக்குமேல் போகாத, அடி சொரசொரப்பான தட்டில் தண்ணீர் வையுங்கள். அருகே ஓரடி உயரத்தில் விரல் பருமனுள்ள காய்ந்த குச்சியை நடுங்கள். குருவி நேராகத் தண்ணீரில் இறங்காது, முதலில் குச்சியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். உங்கள் படம் அந்தக் குச்சியில்தான் இருக்கிறது. குச்சிக்குப் பின்னால் 5 மீட்டராவது வெற்றிடம் இருந்தால் பின்னணி கரைந்துபோகும். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெயில் ஏறியபின் சிமெண்ட் தரைக்குமேல் காற்றே நெளியும், அதையும் லென்ஸ் பழுது என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் ஆளில்லாமல் நாற்காலியையும் முக்காலியையும் 5 மீட்டரில் போட்டு வையுங்கள். பிறகு நாளுக்கு அரை மீட்டர் கிட்டே நகர்த்துங்கள். குருவி குச்சிக்கு வராமல் வேலியிலேயே நின்று கத்தினால் நீங்கள் மிகக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அது உங்களுக்குச் சொல்கிறது என்று அர்த்தம். அரை மீட்டர் பின்வாங்கி அங்கேயே இரண்டு நாள் இருங்கள். தட்டையே வீட்டுப் பக்கம் நகர்த்துவதானால் கவனம்: கண்ணாடி ஜன்னலிலிருந்து 3, 4 மீட்டர் என்பது பறவைக்கு ஆபத்தான தூரம், மிரண்டு கிளம்பினால் முழுவேகத்தில் மோதும். கண்ணாடிக்கு வெளியே வலை கட்டுங்கள்.

கிட்டே வந்துவிட்டால் கூர்மை விழும் ஆழம் குறையும். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) காமிராவில், 300இல், 2.5 மீட்டரில், எஃப் 4 வைத்தால் ஒன்றரை செ.மீ.தான். குருவி பக்கவாட்டாக நிற்கும்போது கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள்.

வாங்கிய கன்வர்ட்டரை விற்கவேண்டாம். அதை மாட்டினாலும் லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது. பறவை இதற்குமேல் கிட்டே விடாது என்ற இடத்துக்கு வந்தபின், நல்ல வெயிலில், 1/1000க்குக் குறையாமல் மாட்டிப் பாருங்கள்.

படம் பிறகு அனுப்பலாம். கிளையைக் கட்டியாயிற்றா என்று முதலில் எழுதுங்கள்.