குளிசை போட்டும் ஹார்ட் அட்டாக் வருமா?

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு 61 வயது, எட்டு வருசமாகப் பிரஷருக்குக் குளிசை போடுகிறார், கிளினிக் கொப்பியில் எப்போதும் 150, 155 என்றுதான் இருக்கிறது, ஆனால் ஒரு வருத்தமும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமாவும் ஒழுங்காகக் குளிசை போட்டவர், அவருக்கே அட்டாக் வந்துவிட்டது, பிறகு குளிசையால் என்ன பயன்?

பயன் நிச்சயமாக இருக்கிறது. மேல் அளவை 10 குறைத்தால் பாரிசவாதம் கால்வாசிக்குச் சற்று மேலும், மாரடைப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும் குறைகிறது. மாரடைப்புக்குக் கொலஸ்ட்ரோல், சீனி வருத்தம், சுருட்டு, பீடி என்று வேறு காரணங்களும் இருப்பதால் பிரஷர் குளிசை மட்டும் முழுக் காவல் ஆகாது. மாமாவுக்கு அவற்றில் ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்பாவுக்கு அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

சரி, அப்பாவின் விசயத்துக்கு வருவோம். குளிசை போடுவது வேறு, பிரஷர் கட்டுப்படுவது வேறு. 150 என்பது கட்டுப்பட்ட பிரஷர் இல்லை, வருத்தம் தெரியாவிட்டாலும் இரத்தக் குழாய் உள்ளே பழுதாகிக்கொண்டுதான் இருக்கும். 140/90க்குக் கீழே கட்டாயம் வர வேண்டும், தலைசுற்றாமல் தாங்கினால் 130/80க்குக் கீழே.

முதலில் ஒன்று கேளுங்கள்: கிளினிக் நாளில் காலைக் குளிசை போடுகிறாரா? இரத்தம் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு விடியவே பஸ் ஏறுகிறவர்களில் நிறையப் பேர் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அங்கே அளந்தால் கூடத்தானே காட்டும். பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போட்டுவிட்டே போகலாம். சீனிக் குளிசை அப்படியில்லை, அதைச் சாப்பாடு இல்லாமல் போடக்கூடாது.

அடுத்தது நோவுக் குளிசை. வயலில் குனிந்து வேலை செய்கிறவருக்கு முதுகும் முழங்காலும் நோகும், பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார், அது பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை வைத்தியரிடம் சொல்லாமல் விட்டால் அவர் பிரஷர் குளிசையைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

பிறகு உப்பு, அதுவும் பிரஷரைக் கூட்டும்; கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் உப்புக் கணக்கில்தான் சேரும்.

வீட்டில் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சும்மா இருந்தபின் இரண்டு தடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். சராசரி 135/85க்கு மேல் என்றால் அடுத்த கிளினிக்கில் அதைக் காட்டி, மருந்தை மாற்ற வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நெஞ்சை அழுத்தி வியர்த்தால் மட்டும் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.