நாயனத்தையும் வாசிக்கிறோம்

கேள்வி: நாவல் வாசிக்கும்போது மனசுக்குள் ஒரு குரல் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. இதனால் ஒரு நாவலை முடிக்கப் பத்து நாள் ஆகிவிடுகிறது. அந்தக் குரலை அடக்கினால் வேகம் கூடும் என்கிறார்கள். அடக்கப் பழகலாமா?
– வாசகி, திருவிடைமருதூர்

பதில்: வேண்டாம் அம்மா.

'வாசிக்கும்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், நாயனத்தையும் வாசிக்கிறோம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நரசிங்கன்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் தூணும் உத்தரமும்தான் அதற்கு ஏற்ற மரம். பல தலைமுறை காய்ந்திருக்க வேண்டும். ஒருநாள் அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கடைந்து முடித்த குழலைப் பெரியவர் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தார். அப்புறம் ஊதுவாயான சீவாளியை வாயில் வைத்து நனைத்து, செருகி, ஊதினார். முகம் சுளித்தது. "கண்ணுக்குச் சரியாத்தான் இருக்கு, ஊதினாத்தானே தெரியுது" என்று குழலை மறுபடி மடியில் போட்டுக்கொண்டார்.

கதையும் அப்படித்தான். சத்தமே இல்லாமல் படிப்பவர்களின் தொண்டைப் பக்கத் தசைகளும் லேசாக வேலை செய்வதை விஞ்ஞானிகள் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். படிக்கக் கடினமான பகுதி வந்தால் அந்த அசைவு கூடுகிறது. அதாவது, உங்களுக்குச் சிரமமான இடத்தில் அந்தக் குரல் துணைக்கு வருகிறது. அதைப் போய் அடக்கச் சொல்லிக் காசு வாங்குகிற வேக வாசிப்பு வகுப்புகளை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன், இன்னும் கண்டிப்பேன். வேகத்தை ஏற்றினால் புரிதல் இறங்குகிறது என்று 2016-இல் உளவியல் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். செய்தித்தாளை மேய்ந்துவிட்டுப் போங்கள், சரி. நாவலில் எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறோம்?

என் கதை ஒன்றில் ஒரு பாட்டி வாசலுக்கு வந்து, "பாத்துப் போ தம்பி, ஆத்துல தண்ணி வந்துருச்சு" என்பாள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த ஆடி மாசம். அதைப் பதிப்பித்தவர், "கவனமாகச் செல் தம்பி, ஆற்றில் நீர் வந்துவிட்டது" என்று திருத்தி அச்சடித்துவிட்டார். இருபது வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. எழுத்தை மனசுக்குள் ஒலிக்கவிட்டுப் படிக்கிற ஒருவர் இதைச் செய்திருக்கவே மாட்டார். அந்தத் 'தம்பி'யில் இருந்த பயமும் பாசமும் அவருக்குக் கேட்கவில்லை.

அதற்காக எல்லோருக்கும் குரல் கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்காதீர்கள். உள்குரல் மிகக் குறைவாக இருப்பவர்களைப் பற்றி 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. சொற்களின் பட்டியலை நினைவில் வைப்பதும், இரண்டு சொல் ஓசையில் ஒத்துப்போகிறதா என்று சொல்வதும் அவர்களுக்குச் சற்றுச் சிரமமாக இருந்ததாம். கதையை ரசிக்கத் தெரியாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அம்மாள், "எனக்குக் குரலெல்லாம் கேக்காதுங்க, அடுப்படியும் புகையும்தான் தெரியும்" என்பார். என்னைவிட அதிகம் நாவல் படிப்பவர், படித்துவிட்டு அழுபவர். அந்தப் பாட்டி கதையில் இருந்த ஒரு தவறைக் கண்டுபிடித்ததும் அவர்தான்: "முந்தின பக்கத்துல கொல்லையில நின்னாங்க, வாசலுக்கு எப்ப வந்தாங்க?" மூன்று முறை குரலோடு வாசித்த எனக்கு அது தட்டுப்படவே இல்லை.

உங்களுக்குக் கேட்கிறது, கேட்கட்டும். பத்து நாள் ஆகட்டும். அந்தக் குரல் யாருடையது என்று மட்டும் கவனித்து எழுதுங்கள், எனக்கு ஆசையாக இருக்கிறது. எனக்குக் கேட்பது என் அத்தையின் குரல். மாயவரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, தொடர்கதையைத் தெருப் பெண்களுக்கு உரக்க வாசிப்பாள். கெட்டவன் பேச்சு வந்தால் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்துவாள். அவள் போய் முப்பது வருஷமாகிறது. இன்றைக்கும் எந்த நாவலிலும் கெட்டவன் வாய் திறந்தால், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டுதான் பேசுகிறான்.