மஞ்சளுக்கு ஊத்துன மருந்து கெணத்துக்கு வருமா?

அண்ணா, கிழங்கு அழுகலுக்கு மெட்டாலாக்சில்-மேன்கோசெப் (ரெண்டு பூஞ்சாணக்கொல்லி கலந்த மருந்து) வேர்ல ஊத்துன மறுநாளே மழை கொட்டிருச்சு, பக்கத்துல கெணறு, மருந்து எறங்கிருமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் ஒரே மாதிரி போகாதுங்க. மேன்கோசெப் மண்ணோட ஒட்டிக்கும், சில நாள்லயே ஒடைஞ்சிரும், ஆனா ஒடையும்போது வர்ற ஈடியுங்கிற பொருள் தண்ணில நல்லா கரையும். மெட்டாலாக்சில் கதையே வேற, லிட்டருக்கு 8 கிராம் வரைக்கும் கரையும், மண்ணுல பிடிமானம் கம்மி, உங்களுது மணல் கலந்த செம்மண்ணுங்கறதால மழையோட சரசரன்னு கீழ போகும். தொழுவுரம் நெறைய போட்ட காடுன்னா கொஞ்சம் பிடிச்சு வெக்கும், நுண்ணுயிர் தின்னு பாதியாக்க ஒண்ணு ரெண்டு மாசம் ஆகலாம். கூத்து என்னன்னா, வருஷா வருஷம் அதையே ஊத்துனா நுண்ணுயிர் பழகிப்போய் வேகமா தின்னுரும், நாம மருந்து கேக்கலன்னு டோஸ ஏத்திட்டு கெடப்போம்!

இப்போதைக்கு அந்தக் கெணத்துத் தண்ணிய குடிக்க எடுக்காதீங்க, அடுத்த தடவை மழைக்கு மேகம் கூடியிருந்தா ஊத்தாதீங்க, கெணத்தோரம் ரெண்டு மூணு பாத்திய விட்டுருங்க. செம்பு கலந்த மருந்தான காப்பர் ஆக்சிகுளோரைடுக்கு மாறட்டுமான்னீங்களே, அது லேசுல கீழ எறங்காதுதான், ஆனா செம்பு மக்கவே மக்காது, மேல்மண்ணுலயே சேந்துக்கிட்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. நானா இருந்தா மாற மாட்டேன்.