தென்னந்தோப்பு வீட்டுக்கு இரண்டு சீட் கார்

கேள்வி: அண்ணா, எனக்கு 41 வயது. வீடு கொழிஞ்சாம்பாறையில், கேரளா பக்கம். கொப்பரைக் களம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம். வீட்டு உபயோகத்துக்கு ஒரு எர்டிகா இருக்கிறது. காலேஜ் நாளிலிருந்தே கூரை திறக்கிற இரண்டு சீட் கார் மேல் ஆசை. இப்போது கையில் 28 லட்சம் இருக்கிறது, கடன் வாங்காத பணம். புரோக்கர் மூன்று வண்டி காட்டியிருக்கிறார். எர்ணாகுளம் நம்பரில் 2012 பிஎம்டபிள்யூ இசட்4, 24 லட்சம். டெல்லி நம்பரில் 2013 ஆடி டிடி கூபே, 15 லட்சம். ஹிமாச்சல் நம்பரில் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5, 18 லட்சம். அப்பா, "ரெண்டு பேர் உட்கார்ற வண்டிக்கு இத்தனை லட்சமா" என்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதை வாங்கட்டும்? தமிழ்நாடு நம்பருக்கு மாற்றிக்கொள்வது நல்லதா? இல்லை, கடன் போட்டுப் புதுசே எடுத்துவிடலாமா?
பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, மூன்றாவது வண்டியை முதலில் முடித்துவிடுவோம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேண்டாம். எம்எக்ஸ்-5 அருமையான கார்தான். 1989-ல் வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஓட்டத் தெரிந்தவர்கள் கொண்டாடுகிற வண்டி, எடை குறைவு, வளைவில் சொன்னபடி கேட்கும். ஆனால் மாஸ்டா அதை இந்தியாவில் ஷோரூம் திறந்து விற்றதே கிடையாது. அப்படியென்றால் இந்த வண்டி எப்படி உள்ளே வந்தது? மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரைச் சாதாரண வழியில் இறக்குமதி செய்ய முடியாது, வந்த வண்டிக்குத் தீர்வை கட்டிய சுங்கப் பத்திரம் இருந்தாக வேண்டும். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கூர்' என்று கேரளா முழுக்கச் சோதனை போட்டு வண்டி வண்டியாகப் பிடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூட்டான் வழியாகக் கொண்டுவந்து, போலிப் பத்திரம் தயார் செய்து, ஹிமாச்சல் மாதிரி மாநிலங்களில் நம்பர் வாங்கி இங்கே தள்ளினார்கள் என்பதுதான் அதில் புகார். உங்களுக்குக் காட்டிய வண்டியும் அந்த வழியில் வந்தது என்று நான் சொல்லவில்லை. சுங்கப் பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள், புரோக்கர் அடுத்த முறை அந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். பின்னால் பறிமுதல் என்று வந்தால், பணம் கொடுத்தவர் நீங்கள்தான், பணத்தை வாங்கியவர் போனை எடுக்க மாட்டார்.

டெல்லி டிடி 15 லட்சம் என்றதும் கண் அங்கே போகும். அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம் என்ற கெடுபிடிக்குப் பயந்து கெடு நெருங்க நெருங்க அங்கே விலை விழும், விழுந்ததை லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுவருவார்கள். வண்டி மோசமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அதை உங்கள் பெயருக்குக் கொண்டுவர டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும், பழைய கடன் பாக்கி இல்லை என்று தெரிய வேண்டும், அதற்கு மேல் கேரளாவில் வண்டியின் அசல் விலையை வைத்து வயதுக்குத் தகுந்தபடி வரி கேட்பார்கள். வயது ஏற ஏற வரி குறையும் என்றாலும், என்ன தொகை என்று உங்கள் ஊர் ஆர்டிஓ ஆபீஸில் எழுதி வாங்கி, லாரி வாடகையையும் சேர்த்துக் கூட்டினால்தான் அந்த 15 உண்மையில் எவ்வளவு என்று தெரியும். அப்புறம் கியர்பாக்ஸ். டிடியில் இருக்கிற இரட்டைக் கிளட்ச் எஸ் டிரானிக் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும், மாற்றிய பில் இல்லாத வண்டியில் அதன் மெக்கட்ரானிக் யூனிட் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிற பகுதி) போனால் நீங்கள் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பி, அது கூபே. கூரை திறக்காது. இருபது வருஷமாகக் கூரை திறக்கிற காருக்கு ஆசைப்பட்டவர், ஒன்பது லட்சம் மிச்சம் என்பதற்காகத் திறக்காத காரை வாங்கினால் ஆறே மாதத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

ஆக, இசட்4. 2009 முதல் 2016 வரை வந்த தலைமுறை இது. மடிந்து டிக்கிக்குள் போகிற உலோகக் கூரை, பட்டனை அழுத்தினால் சுமார் 20 நொடியில் திறந்துவிடும். நம்முடைய மழைக்கும் வெயிலுக்கும் துணிக்கூரையைவிட இது பல மடங்கு மேல். ஆனால் இந்த வண்டியில் உங்கள் பணத்தைத் தின்னக்கூடிய முதல் இடமும் அதே கூரைதான். ஹைட்ராலிக் பம்பு, குழாய்கள், வளைந்து வளைந்து தேய்கிற ஒயர்கள், சென்சார்கள், இதில் எது கெட்டாலும் கூரை பாதியில் நின்றுவிடும். பார்க்கப் போகும்போது இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் கூரையைத் திறந்து மூடச் சொல்லுங்கள், ஒரு தடவை இல்லை, விட்டு விட்டு நாலைந்து தடவை. திக்குகிறதா, ஒரு பக்கம் முந்திக்கொண்டு வருகிறதா, மூடியபிறகு கண்ணாடி ஓரத்தில் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். அது முடிந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூரை மேல் பத்து நிமிஷம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். கூரை ஓரத்தில் மழைநீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அதில் இலையும் பூவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கித் தரைக்கடியில் தேங்கும், அங்கேதான் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்கு மழை உங்களுக்குத் தெரியாததா.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எர்ணாகுளம் நம்பர் வண்டி, 2012 மாடல், அதாவது 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை அது பார்த்திருக்கிறது. ஆலுவா, பரவூர், சாலக்குடி பக்கமெல்லாம் எத்தனை வண்டி மூழ்கியது! அந்த வண்டிகளில் பல கழுவித் துடைத்து மறுபடி ரோட்டுக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதி நாடாவில் சேற்றுக் கறை இருந்தால் மறைக்க முடியாது. கார்பெட்டைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள், டிக்கித் தரையின் மூலைகளைப் பாருங்கள், ஒயர் கனெக்டரில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு பிடித்திருக்கிறதா பாருங்கள். அந்த வருஷ இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

இன்ஜின் எது என்று நீங்கள் எழுதவில்லை. '35ஐ' (35i) மாடல் என்றால் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன், ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். ஓட்டினால் இறங்க மனசு வராது. அதில் ஹை பிரஷர் ஃபியூல் பம்பும், மின்சாரத்தில் ஓடுகிற வாட்டர் பம்பும் பெயர்போன பலவீனங்கள். வாட்டர் பம்பு முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று நிற்கும், இன்ஜின் சூடேறும். இரண்டும் மாற்றியதற்குப் பில் இருந்தால் விற்கிறவர் கேட்கிற விலையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுடையது, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-ம் வாரம் செய்தது. குறைவாக ஓடிய வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள், பட்டன் தேயாத பழைய டயரோடு நிற்கும். ஆறேழு வருஷம் தாண்டிய டயரோடு மலையேற வேண்டாம். இதில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர்தான், நாலும் மாற்ற நல்ல தொகை ஆகும்.

இதையெல்லாம் நீங்களே பார்த்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கோயம்புத்தூரில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஸ்கேனர் போட்டு, சேஸிஸ் நம்பரை வைத்துப் பழைய சர்வீஸ் வரலாற்றை எடுத்து, லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்து, ரிப்போர்ட் எழுதி வாங்குங்கள். ஓடோமீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரும் வரலாற்றில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் வண்டியை உங்கள் வீட்டு வாசல் வரை, அங்கிருந்து களம் வரை, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். தேங்காய் லாரி கிழித்துப்போட்ட ரோட்டிலும் ஊருக்கு ஊர் போட்டிருக்கிற வேகத்தடையிலும் அடி தட்டாமல் போகிறதா என்பது எர்ணாகுளம் பைபாஸில் தெரியாது.

விலை. 28 இருக்கிறது என்பதற்காக 24 கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு ஆறு லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அது வண்டியுடைய பணம், தொடக்கூடாது. ஆக உங்கள் உச்சம் 22. இரண்டு சீட் காருக்கு நம் பக்கம் கியூவில் நிற்கிற ஆள் இல்லை, விற்கிறவருக்கும் அது தெரியும்.

நம்பர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல சேதி. வீடு கேரளாவில், வண்டி நிற்கப்போவதும் கேரளாவில், வண்டியும் கேரளா நம்பர். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினால் போதும், ஆயுள்கால வரி மறுபடி கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு நம்பர் எதற்கு? வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் சட்டப்படி நம்பர் மாற்ற வேண்டும். தினமும் செக்போஸ்ட் தாண்டிக் களத்துக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்புகிற வண்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. களத்திலேயே நிரந்தரமாக நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: 2012 வண்டிக்கு 2027-ல் ஆர்சி முடிகிறது. ஃபிட்னஸ் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கான வரியும் பசுமை வரியும் வரும். இதையும் விலை பேசும்போது சொல்லுங்கள். பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஓனருடைய நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

கடன் போட்டுப் புதுசு? இன்று புதிதாக வாங்கினால் எம்ஜி சைபர்ஸ்டர் இருக்கிறது, கூரை திறக்கிற இரண்டு சீட் மின்சாரக் கார், 2025 ஜூலையில் 74.99 லட்சத்துக்கு வந்தது, கதவு மேல்நோக்கித் திறக்கும், 510 குதிரைத்திறன். பார்க்க அழகுதான். ஆனால் கொப்பரை விலை ஏறி இறங்குகிற தொழிலில் இருக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற காருக்கு மாதத் தவணை கட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிறுத்துகிற இடம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் கவலை. தோப்பு வீட்டில் மரத்தடியில் எர்டிகாவை நிறுத்துகிற மாதிரி இதை நிறுத்தக்கூடாது. ஒரு தேங்காய் விழுந்து கூரைத் தகடு நசுங்கினால் அந்தக் கூரை மடியாது. தென்னை மட்டும் அல்ல, முருங்கை, வேம்பு எதுவுமே தலைக்கு மேல் வேண்டாம், இலை ஓட்டையை அடைக்கும். மூன்று பக்கம் சுவர், மேலே ஷீட், முன்னால் கதவு என்று ஒரு ஷெட் கட்டிவிட்டு வண்டியைக் கொண்டு வாருங்கள். களத்தில் நிறுத்தினால் கொப்பரைக்கு வருகிற எலி பானட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிக்கும், ஷெட்டிலும் எலிப்பொறி வையுங்கள். பெட்ரோல் மூடிக்குள் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எத்தனை ஆக்டேன், எவ்வளவு எத்தனால் வரை போடலாம் என்று இருக்கும், அதைப் படித்துவிட்டுப் பக்கத்து பங்க்கில் 95 ஆக்டேன் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும், ஷெட்டில் ஒரு பிளக் பாயின்ட் போட்டுச் சார்ஜரில் வையுங்கள்.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். கடன் இல்லை, ஆறு லட்சம் தனியாக இருக்கிறது, ஷெட் தயார் என்று காட்டிவிட்டு, வண்டி வந்த முதல் வாரம் விடிகாலையில் பக்கத்து சீட்டில் அவரை உட்கார வைத்து ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுங்கள். 40 கொண்டை ஊசி வளைவு, கூரையைத் திறந்துவிட்டு, மெதுவாக. இன்னொரு நாள் காலையில் மனைவியோடு போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி. வீட்டில் மற்றவர்களும் ஏறி உட்கார்ந்து பார்த்தால்தான் அது வீட்டு வண்டியாகும், இல்லையென்றால் கடைசி வரை உங்கள் செலவாகவே இருக்கும்.

கோயம்புத்தூர் ரிப்போர்ட் கையில் வந்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். கூரைப் பக்கமும் வாட்டர் பம்பும் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, 22-லிருந்து இன்னும் எவ்வளவு இறக்கிக் கேட்கலாம் என்று எழுதுகிறேன். அதுவரை புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.