மிஸிஸிப்பியில் கயாக்: லாக்குகளைக் கடப்பது எப்படி? (கேள்வி பதில்)

மினியாபோலிஸிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றில் கயாக் என்ற ஒடுங்கிய சிறு துடுப்புப் படகை ஓட்டியவள் என்பதால், வழியிலுள்ள லாக்குகளைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டபடியே இருக்கிறார்கள். கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். லாக்கைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: அணையின் ஒரு பக்கத்தில், முன்னும் பின்னும் கதவு வைத்த நீளமான கான்கிரீட் தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை வடித்துக் கீழ்மட்டத்துக்கு இறக்கி, முன்கதவைத் திறந்து விடுவார்கள். பம்பு எதுவும் கிடையாது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே பாய்கிறது, அவ்வளவுதான்.

சிகாகோவிலிருந்து: அக்கா, மொத்தம் எத்தனை லாக்? எல்லாவற்றிலும் கயாக்கை விடுவார்களா? கட்டணம் உண்டா?

கட்டியவை 29. மினியாபோலிஸில் உள்ள அப்பர் செயின்ட் ஆன்டனி லாக்கை, படையெடுத்து வரும் கார்ப் மீன்களைத் தடுப்பதற்காக 2015 ஜூனில் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் கரையேறிச் சுற்றித்தான் போக வேண்டும். மிச்சம் 28. எல்லாவற்றையும் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை, இங்கே எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் ‘கோர்’, நடத்துகிறது. கயாக், கனூ எதுவானாலும் அனுமதி உண்டு, கட்டணம் கிடையாது. மினியாபோலிஸ் நகருக்குள் இருக்கும் லாக்குகளில் மட்டும் இயங்கும் நேரம் குறைவு. முன்கூட்டியே ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 5-க்கு அடுத்து 5ஏ வரும், 22-க்கு அடுத்து நேராக 24 வரும். 23 கட்டப்படவே இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு லாக் என்று கணக்கு வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். 5-க்கும் 5ஏ-க்கும் நடுவே 15 கிலோமீட்டர்தான். 18-க்கும் கியோகக்கில் உள்ள 19-க்கும் நடுவே 74 கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டு வருவதும் உண்டு, இரண்டு நாள் ஓட்டியும் ஒன்றுகூட வராததும் உண்டு.

டேவன்போர்ட்டிலிருந்து: எனக்கு ஒரே பயம்தான். லாக்கை நோக்கிப் போகும்போது தண்ணீர் அணைப்பக்கம் இழுத்துவிட்டால்?

நியாயமான பயம். பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். லாக்குக்கு உள்ளே இருக்கும் நேரம் முழுப் பயணத்திலேயே அமைதியான நேரம். ஆபத்தெல்லாம் அதற்கு முன்னால் இருக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டரில்.

மேலிருந்து வரும்போது அணை கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் மட்டமாகப் போய் ஒரு கோட்டில் முடிகிற மாதிரி இருக்கும். லாக்கின் மேல்பக்கம் நீண்டு நிற்கும் வழிகாட்டிச் சுவரை ஒட்டி ஒரு பக்கவாட்டு ஓட்டம் இருக்கும். சுவர் முனையிலிருந்து அணையை நோக்கி அது இழுக்கும். ஆற்றில் தண்ணீர் கூடும்போது இந்த இழுப்பும் கூடும். அணைக் கதவுகளுக்குக் கீழே தண்ணீர் சுருண்டு சுருண்டு திரும்ப அணைக்கே வரும். அதில் சிக்கியவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளியே வருவது கடினம்.

அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அணைக்கு வெகுதூரம் முன்பே, லாக் இருக்கிற கரைக்குப் போய்விடுங்கள். லாக் எந்தக் கரையில் என்பது அணைக்கு அணை மாறும். லா க்ரெஸன்ட் அருகே 7-ஆம் லாக் மினசோட்டா கரையில். அடுத்த 8-ஆம் லாக், ஜெனோவாவில், எதிரே விஸ்கான்ஸின் கரையில். கோர் தன் வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு லாக்குக்கும் உரிய பக்கத்தை அச்செடுத்து, இடதா வலதா என்று பெரிதாக எழுதி, நனையாத உறையில் போட்டு டெக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வெயிலில் திரை தெரியாது, ஈரக்கைக்குத் திரை நகராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அணைக்கு மேலே ஆறு ஏரியாக விரிந்து கிடக்கும். எதிர்க்காற்று அடித்தால் அலை அங்கேதான் மிக மோசம். களைத்துப் போய், அலையில் தத்தளித்துக்கொண்டு, ‘நேர்க்கோட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம்’ என்று நடு ஆற்றில் குறுக்கே வெட்டத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது.

மேடிசனிலிருந்து: நாம் வந்திருக்கிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடிக்கணுமா?

மூன்று வழி இருக்கிறது. முதலாவது ஃபோன்: லாக்குகளின் எண்களைக் கிளம்பும் முன்பே சேமித்து வையுங்கள். இரண்டாவது கையடக்க விஎச்எஃப் ரேடியோ, சேனல் 14. மூன்றாவது சுவர் முனையில் தொங்கும் சங்கிலி அல்லது கயிறு. சிறு படகுகளுக்கான அறிவிப்புப் பலகை பக்கத்திலேயே இருக்கும். இழுத்தால் உள்ளே மணி அடிக்கும்.

நான் ரேடியோவைத்தான் சொல்வேன். சுவர் முனையில் நின்று கயிறு இழுப்பது என்றால், நான் மேலே சொன்ன பக்கவாட்டு ஓட்டத்துக்குள்ளேயே போய் நிற்பது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே, “இரண்டு கயாக், கீழ்நோக்கிப் போகிறோம், எங்கே காத்திருக்கட்டும்?” என்று கேட்டுவிடுங்கள். ஊழியர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள். எத்தனை பார்ஜ் (சரக்கேற்றும் தட்டையான பெரிய படகு) வரிசையில் நிற்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் விளக்கு: சிவப்பு என்றால் தள்ளி நில்லுங்கள், மஞ்சள் என்றால் மெதுவாக நெருங்கலாம், பச்சை என்றால் உள்ளே வரலாம். பச்சை வராமல் கதவு திறந்திருந்தாலும் போகக் கூடாது.

மினியாபோலிஸிலிருந்து: இரண்டு மணி நேரம் காத்திருந்தோம் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா? இத்தனூண்டு கயாக்குக்கு ஏன் அவ்வளவு நேரம்?

உண்மைதான். காரணம் பார்ஜ்கள். சோளமும் சோயாவும் ஏற்றிய பார்ஜ்கள், மூன்று அகலம், ஐந்து நீளம் என்று பதினைந்தை ஒன்றாகக் கட்டி ஒரு டோபோட் பின்னாலிருந்து தள்ளி வரும். ஒவ்வொரு பார்ஜும் 195 அடி நீளம். பெரும்பாலான லாக்குகள் 600 அடி நீளமும் 110 அடி அகலமும் கொண்டவை. முழுக் கூட்டமும் ஒரே தடவையில் உள்ளே போகாது. முதலில் ஒன்பது பார்ஜைப் பிரித்து உள்ளே விட்டு இறக்குவார்கள். லாக்கை மறுபடி நிரப்பி, மீதி ஆறையும் டோபோட்டையும் இறக்குவார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு கூட்டம் கடக்க ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

முன்னுரிமை வரிசையில் பொழுதுபோக்குப் படகு கடைசியில்தான். வணிகப் படகுகள் மூன்று முறை கடந்தபின் சிறு படகுக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே லாக்கில் சும்மா தண்ணீரை வடிக்கும் நேரத்தில் நம்மை இறக்கிவிடுவார்கள். அதனால்தான் நாம் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

எங்கே காத்திருப்பது என்பதுதான் முக்கியம். பார்ஜ் போகும் தடத்திலிருந்து விலகி, லாக் கரையோரத்தில், கரையேற முடிகிற இடமாகப் பாருங்கள். பார்ஜுக்கும் சுவருக்கும் நடுவே எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். டோபோட் மாலுமிக்கு முன்னால் பல நூறு அடிக்கு எதுவுமே தெரியாது. நிறுத்த வேண்டுமென்றாலும் ஒரு மைல் தூரம் பிடிக்கும். அது கடந்து போன பிறகும் அதன் விசிறி கிளப்பிய தண்ணீர் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அடங்கட்டும், அப்புறம் நகருங்கள்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக நினைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலை நிரப்பலாம், சாப்பிடலாம், தோளை ஆற்றலாம்.

செயின்ட் பாலிலிருந்து: உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்? கயாக்கை எதிலாவது கட்டணுமா?

கட்டவே கூடாது! தண்ணீர் இறங்கும்போது கட்டிய படகு சுவரில் தொங்கிவிடும்.

ஊழியர் மேலிருந்து ஒரு கயிற்றை இறக்குவார். அதைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும். மணிக்கட்டில் சுற்றாதீர்கள், டெக்கில் எங்கேயும் மாட்டாதீர்கள். இறங்க இறங்கக் கயிற்றைக் கை வழியே வழுக்க விட்டுக்கொண்டே வாருங்கள். கயிறு பாசி படிந்து சொதசொதவென்று இருக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு கையில் துடுப்பு. சுவர் மிக நெருங்கினால் துடுப்பின் முனையால் மெல்லத் தள்ளிக்கொள்ளுங்கள். விரலைச் சுவருக்கும் கயாக்குக்கும் நடுவே வைக்காதீர்கள்.

இறங்குவது உணரவே முடியாத அளவுக்கு மென்மையாக இருக்கும். சுவரைப் பார்த்தால்தான் தெரியும்: காய்ந்த வெள்ளைக் கான்கிரீட் மேலே போகும், பிறகு ஈரக்கோடு, பிறகு பச்சைப் பாசி, அதில் ஒட்டிய சிப்பிகள். ஜூன், ஜூலையில் போனால் சுவர் முழுக்க ஈசல் மாதிரிப் பூச்சிகள் அப்பியிருக்கும். மேஃப்ளை என்பார்கள். கடிக்காது.

நாலைந்து பேர் சேர்ந்து போனால் எல்லாரும் ஆளுக்கொரு கயிறு தேட வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் கயாக்குகளை ஒட்டி நிறுத்தி, ஓரத்தில் இருப்பவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர்கள் அடுத்தவர் படகைப் பிடித்துக்கொண்டால் போதும். கதவு திறந்ததும் உடனே பாயாதீர்கள். ஊழியர் சிறு ஹாரன் அடிப்பார் அல்லது கையைக் காட்டுவார், பிறகு கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட் உள்ளே கட்டாயம், நின்று ஓட்டும் பலகையில் வருபவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் அணைப்பக்கம் பெலிகன் கூட்டம் இருக்கும். கதவு வழியே அடிபட்டு வரும் மீனுக்காக நிற்கும். படமெடுக்க அந்தப் பக்கம் நெருங்காதீர்கள். கீழிருந்தும் அணை உள்ளே இழுக்கும்.

ஆஸ்டினிலிருந்து: பெரிய லாக் எது?

இறக்கத்தில், இப்போது இயங்குபவற்றில், கியோகக்கின் 19-ஆம் லாக்தான். சுமார் 38 அடி, நீளம் 1,200 அடி. அத்தனை பெரிய கிடங்குக்குள் தனியாக ஒரு கயாக்கில் உட்கார்ந்து இறங்கும்போது, நமக்காக இவ்வளவு தண்ணீரையா என்று கூச்சமாக இருக்கும். கூச்சப்பட வேண்டாம், அந்த ஆறு எல்லாருக்கும் பொது.

ரோசெஸ்டரிலிருந்து: பையனுக்கு ஒன்பது வயது. கனூவில் ஒரு லாக்காவது காட்டணும்னு ஆசை. சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் முதலில் காரில் போங்கள். பெரும்பாலான லாக்குகளில் பார்வையாளர் மேடை இருக்கிறது. ஒரு பார்ஜ் கூட்டம் கடப்பதை அவன் முழுதாகப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். அடுத்த தடவை காற்றில்லாத காலையில், கனூ நன்றாக ஓட்டத் தெரிந்த இன்னொரு பெரியவரோடு போங்கள். கயிறு பிடிக்கும் வேலையைப் பெரியவர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓமாஹாவிலிருந்து: இவ்வளவு காத்திருப்பதற்குப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்தாலென்ன?

சில இடங்களில் முடியும். பல இடங்களில் கரை முழுக்கப் பாறாங்கல் கொட்டி, வேலி போட்டிருக்கும். நெடும்பயணச் சாமான்களோடு வழுக்கும் கல்லில் ஏறி இறங்குவதில்தான் கணுக்கால் பிசகும். லாக் வளாகச் சுவரில் அனுமதியின்றி ஏறவும் கூடாது. நான் பொறுமையாகக் காத்திருக்கும் கட்சி.

செயின்ட் லூயிஸிலிருந்து: செயின் ஆஃப் ராக்ஸ் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. ஆற்றிலேயே போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

செயின்ட் லூயிஸுக்குச் சற்று மேலே, ஆற்றில் பாறைகள் நிறைந்த பகுதிதான் செயின் ஆஃப் ராக்ஸ். இதில் நான் கறார். மிசௌரி ஆறு வந்து சேர்ந்ததும் ஓட்டம் வேகமெடுக்கும். அதற்கு அடுத்தே, கீழ்நோக்கிப் போகிறவருக்கு இடதுபக்கம், கால்வாய் பிரியும். அதன் முடிவில்தான் 27-ஆம் லாக், மிஸிஸிப்பியின் கடைசி லாக். நேராக ஆற்றில் போனால் குறுக்கே பாறைகளைக் கொட்டிக் கட்டிய தாழ்வான அணை இருக்கிறது. எந்த நீர்மட்டத்தில் கடக்கலாம் என்று தெரிந்த உள்ளூர் வழிகாட்டியோடு சிலர் போகிறார்கள். முதல் தடவை வருபவர் கால்வாயில்தான் போக வேண்டும். கால்வாய் அலுப்பானது, கரையேற இடம் குறைவு, பார்ஜ் நடமாட்டம் அதிகம். அதனால் சாப்பாடு, சிறுநீர் எல்லாம் முன்பே முடித்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.

அதற்குக் கீழே கடல் வரை லாக்கே கிடையாது.

சென்னையிலிருந்து: நம்ம பக்கிங்காம் கால்வாயிலும் லாக் இருந்ததாமே?

இருந்தது. ஆறுகளின் முகத்துவாரங்களைக் கால்வாய் குறுக்கிடும் இடங்களில், கடல் ஏற்ற இறக்கத்தில் கால்வாய்த் தண்ணீர் வடிந்துவிடாமல் காக்க லாக்குகள் கட்டினார்கள். 1806-இல் தொடங்கி வளர்ந்து, ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட கால்வாய் அது. பாதுகாத்து வைத்திருந்தால் இன்று நம் பிள்ளைகள் அங்கேயே இதையெல்லாம் கற்றிருப்பார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மறுபடி சிகாகோவிலிருந்து: எந்த மாதம் கிளம்பலாம்?

வடக்கே குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும், லாக்குகளும் ஓடாது. வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது அணைக் கதவுகளை முழுதாகத் தூக்கிவிடுவார்கள். அப்போது கயாக்குக்கு இடமே இல்லை. வெள்ளம் வடிந்தபின், ஜூலைக்குப் பிறகு கிளம்புங்கள். செப்டம்பர் இன்னும் நல்லது. விசைப்படகுகள் குறைந்திருக்கும், கொசுவும் குறைவு. ஆனால் அறுவடைத் தானியம் இறங்கத் தொடங்கும் காலம், பார்ஜ் கூடும். ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய லாக்கில் வரிசை எப்படி என்று கோரின் தளத்தில் பார்த்துவிட்டுக் கூடாரத்தைக் கழற்றுங்கள்.